ஆறிய பாலும் ஓர் உறிஞ்சுகுழலும்

பல் பிடுங்கிய வாய்க்குச் சூடு ஆகாது, ஐயா. ஆகையால் பாலை இரண்டு குவளைகளில் மாற்றி மாற்றி ஆற்றி, புறங்கையில் ஒரு துளி விட்டுப் பார்த்த பின்னரே தங்கைக்குக் கொடுத்துவந்தேன். குடிக்க எளிதாயிருக்கட்டும் என்று ஓர் உறிஞ்சுகுழலும் இட்டுக் கொடுத்தேன். இந்தக் காவல் நிலையத்தில் நீங்கள் அந்தக் குழலைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பாலை ஆற்றியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். பணிக்காலம் முழுதும் வகுப்பறையில் நின்றவள் நான். கோவையாகச் சொல்லாவிடில் எனக்கே பொறுக்காது.

எங்கள் தாய் இறந்தபோது தங்கை தவழ்ந்துகொண்டிருந்தாள். எடுத்து வளர்த்தவள் நான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. பின்னர் அவள் என் வகுப்பிலேயே படித்தாள். என் வகுப்பில் தும்மல் ஓசை கேட்காது. மூக்கைப் பிடி, வாயை மூடு, உள்ளேயே தும்மு. இது நான் கற்பித்த ஒழுக்கம். மற்ற பிள்ளைகள் பள்ளியை விட்டதும் இதையும் விட்டார்கள். அவள் விடவில்லை. பொத்தான் கடையில் விற்பனைக்கு நின்றபோதும் அப்படியே தும்மினாள். "உங்க தங்கச்சி தும்முனா பூனைக்கு விக்கல் எடுத்த மாதிரி இருக்கு டீச்சர்," என்று கடைக்கார அம்மாள் கேலி செய்வார். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

அக்கடைக்குக் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் வரத் தொடங்கினார். மனைவியை இழந்தவர். சட்டைக்குப் பொத்தான் வேண்டுமென்று வாரந்தோறும் வந்தார். ஒரு மனிதனுக்கு எத்தனை சட்டைதான் இருக்கும் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகுதான் எனக்குச் செய்தி எட்டியது. திருமணம் பதிவு செய்துகொண்டு, தொலைவிலுள்ள துறைமுக நகரில் குடியேறுவதென்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

"நீயும் எங்ககூடவே வந்துடு அக்கா," என்றாள் அவள்.

"ஆமாக்கா, உங்களுக்குன்னே ஒரு ரூம் ஒதுக்கியாச்சு," என்றார் அவர்.

நல்ல மனிதர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறர் வீட்டில் ஒதுக்கப்படும் அறை எத்தகையது என்பதை நீங்களும் அறிவீர்கள்.

பயணத்துக்கு முன் அவளுக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பல் வலித்தது. "கல்யாணத்தன்னிக்கு ஒரு பக்கம் வீங்கிப்போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்று அவளே பிடுங்கிக்கொள்ளத் துணிந்தாள். துணைக்கு நான் சென்றேன். அவள் வாய் நிறையப் பஞ்சுடன் நாற்காலியில் மயங்கினாற்போல் சாய்ந்திருக்க, பல் மருத்துவர் என்னை அடுத்த அறைக்கு அழைத்து விளக்கினார். பல்லின் வேர் நீண்டிருந்ததாம். அதற்கு மேலே கன்ன எலும்புக்குள் காற்று நிறைந்த ஓர் அறை உண்டு, சைனஸ் என்பார்கள். அதன் தளம் முட்டை ஓட்டைப் போல் மெல்லியது. அதில் சிறு துளை விழுந்துவிட்டது. தானே மூடிவிடும். ஆனால் அதுவரை மூக்கைச் சிந்தலாகாது. எதையும் உறிஞ்சிக் குடிக்கலாகாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வாய்நீர் மூக்கின் வழியே வந்தால் உடனே அழைத்துவர வேண்டும், தையலிட்டு மூடிவிடலாம்.

அவர் சொன்னதனைத்தும் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிலிருக்கிறது. அன்று மாலையே அவளிடம் சொல்லிவிட எண்ணினேன். அவள் தரையில் அமர்ந்து, வீங்கிய கன்னத்தோடு பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளை சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வாய் கொப்பளித்துவிட்டு ஓடிவந்தாள். மூக்கிலிருந்து நீர் சொட்டிற்று.

"அக்கா, இங்க பாரேன், நான் யானையாயிட்டேன்." சிரித்தவள் உடனே அஞ்சினாள். "இது சகஜந்தானே? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"நல்லா ஓய்வு எடுக்கச் சொன்னாரு."

அதையும் அவர் சொல்லியிருந்தார். எனவே நான் பொய்யுரைக்கவில்லை.

பயணம் தள்ளிப்போயிற்று. அன்று அவள் சிறுமியாயிருந்தபோது செய்ததைப் போல என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். "நீ இல்லாம அங்க போய் என்ன பண்ணப் போறேனோ," என்றாள். அந்தச் சொல் அவளுடையது. நான் அவள் வாயில் ஊட்டவில்லை.

அதன் பிறகுதான் உறிஞ்சுகுழல்களை வாங்கினேன். கன்னம் கனக்கிறது என்றபோது, "நல்லாச் சிந்தும்மா, அடைப்பு விடும்," என்று கைக்குட்டையை நீட்டினேன். பரணிலிருந்த கம்பளிகளை அவளது அறையில் உதறினேன். வீடு தூய்மையாயிருக்க வேண்டுமல்லவா. அவள் தும்மினாள். நான் கற்பித்தபடியே மூக்கைப் பிடித்து, வாயை மூடித் தும்மினாள். நல்ல மாணவி.

அப்பால் சீழ் வைத்தது. பேசினாலே நாற்றம் வீசியது. முன்னதாகத் துறைமுக நகருக்குச் சென்றிருந்த கடிகாரக்காரர் பார்க்க வந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். "நான் பொறுத்துப்பேன், நீ என் ரத்தம். அவரு பாவம், மூக்கைப் பொத்திக்கிட்டா உனக்குத்தானே சங்கடம்?" என்று மெல்லக் கேட்டேன். அவள் வெளியே வரவில்லை. நான் சென்று, அவள் ஓய்வெடுக்கட்டும் என்றேன். அவர் வாங்கிவந்த பழங்களை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பல் மருத்துவரின் உதவியாளர் தொலைபேசியில் அழைத்து, காயம் மூடிற்றா என்று கேட்டாள். மூடிவிட்டது, தங்கை கணவருடன் துறைமுக நகருக்குச் சென்றுவிட்டாள், சுகமாயிருக்கிறாள் என்றேன். ஐயா, அது பொய். என் வாழ்வில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

சீழ் கன்னத்திலிருந்து மேலேறிக் கண் வீங்கத் தொடங்கியபோது ஈரத்துணி வைத்தேன். பார்வை மங்குகிறது என்றாள். நான் பக்கத்திலேயே அமர்ந்து, அவளுக்குச் செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். காய்ச்சலில் அவள் என்னை அம்மா என்று அழைத்தாள். அந்நாள்களில் எங்கள் வீட்டில் இருந்த அமைதியை உங்களுக்கு எப்படி விளக்குவேன்?

கடிகாரக்காரர் சொல்லாமல் மீண்டும் வந்தார். நான் கடைக்குச் சென்றிருந்தேன். கதவை அவளே தடவித் தடவித் திறந்திருக்கிறாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியதை எதிர்வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன். கட்டிலருகே பால் குவளையும் குழலும் வைத்தபடி இருந்தன.

இடக்கண் போய்விட்டது என்றீர்கள். துளையை இன்று தைத்து மூடிவிட்டார்கள் என்றீர்கள். சரி. எழுதிக்கொள்ளுங்கள்: அந்தத் துளை மூடாதபடி பார்த்துக்கொண்டவள் நானே. அறியாமல் செய்யவில்லை. மருத்துவர் செய்யலாகாது என்றவற்றை ஒன்றும் விடாமல், அன்றாடம், அன்போடு செய்தேன். கண் போகும் என்று நினைக்கவில்லை. பயணம் போகாது என்று மட்டுமே நினைத்தேன்.

ஆனால் சற்று முன் நீங்கள் சொன்ன ஒன்று தவறாயிருக்க வேண்டும். அவள் அந்த மனிதர் கையிலிருந்து, குழலில்லாமல், கிண்ணத்தில் வாய்வைத்துப் பால் குடித்தாளென்றும், என் பெயரைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளென்றும் சொன்னீர்கள். அது வேறு நோயாளியாக இருக்கும். விசாரித்துப் பாருங்கள். நேரமாகிறது, ஐயா, என்னை அனுப்பிவையுங்கள். நான் ஆற்றிக் கொடுக்காமல் அவள் எதையும் குடிக்கமாட்டாள்.