கோட்டைமேட்டுக் கிணறு

கிள்ளானைச் சுற்றிப் பார்க்கக் காலை எட்டு மணிதான் ஏற்ற நேரம், இன்ஸ்பெக்டர் ஐயா. வெயில் ஏறியிருக்காது, வருகிறவர்கள் பசியாறியும் இருப்பார்கள். வயிறு நிறைந்தவர்கள் கதை நன்றாகக் கேட்பார்கள்.

பத்து வருடமாக, கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்தப் பழைய ராஜ நகரத்தைக் காட்டுவதே என் தொழில். அரண்மனை வாசல், ஆற்றங்கரை ஈயக் கிடங்கு, கடைசியாகக் கோட்டைமேட்டுக் கிணறு. அரண்மனையில் கொட்டாவி விடுகிறவர்கள் கிணற்றடியில் கண் கலங்குவார்கள். காதலனைப் பறிகொடுத்த இளவரசி அதில் விழுந்து செத்தாள் என்று சொல்வேன். அவள் என் சொந்தக் கற்பனை. பெற்ற மகளைப் போல வளர்த்தேன், வருடா வருடம் ஒரு நகை கூட்டிப் போட்டேன்.

ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி செபாஸ்டியன் மூன்று முறை வந்தார். நல்ல மனிதர், சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார். போன மாதம் ஒருநாள், கூட்டம் வருமுன்பே மேட்டில் எனக்காகக் காத்திருந்தார்.

"அண்ணே, கம்பத்துல ஊர்ப் பெரியவங்க எல்லாரையும் விசாரிச்சிட்டேன் லா. இந்தக் கிணத்துல ஒரு எலிகூட செத்ததில்ல. ஞாயித்துக்கெழம பேப்பர்ல எழுதப் போறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஊரே சிரித்த பிறகு யார் என் பின்னால் நடப்பார்கள்? ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யாரும் சாகாத கிணற்றைக் காட்டி அழ வைப்பது தவறுதான். குறையைச் சொன்னவரே அதைத் தீர்த்தும் வைக்கலாம் என்று தோன்றியது. உள்சுவரில் பழைய எழுத்து இருக்கிறது, பாருங்கள் என்றேன். ஆசையாகக் குனிந்தார். முதுகில் கை வைத்தேன். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை.

கால் வழுக்கி விழுந்தார் என்று ஊர் பேசியது. அடுத்த வாரமே எனக்குக் கூட்டம் இரட்டிப்பு. அவருடைய கண்ணாடி முதலில் விழுந்ததையும், தண்ணீரிலிருந்து "அண்ணே, கைய குடுங்க" என்று அவர் கூப்பிட்டதையும் சொன்னால் பெண்கள் விம்முவார்கள். லீவில் மனைவியோடு வந்திருந்த உங்கள் போலீஸ்காரர் அய்யாவு மட்டும் அழவில்லை.

"தனியா விழுந்தவரு யார அண்ணேன்னு கூப்புட்டாரு?"

பத்து வருடத்தில் அவ்வளவு கவனமாக யாரும் என் கதையைக் கேட்டதில்லை. மனம் குளிர்ந்துபோயிற்று.

அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கலாமே என்கிறீர்கள். அது எப்படி, ஐயா? இளவரசி கதையைச் செபாஸ்டியன் விழுந்த அன்றோடு விட்டுவிட்டேன். பொய் சொல்லிப் பிழைக்க என் மனசாட்சி இடம் கொடுக்காது.