இடது கன்னம்

எங்கள் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கண்ணாடி கிடையாது. வேண்டாம் என்று சொன்னது நான்தான். தோல் டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டிலேயே வேண்டிய மட்டும் கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். இங்கேயும் எதற்கு என்று நினைத்தேன். இதை முதலில் சொல்வதில் ஒரு தந்திரம் இருக்கிறது. மற்றவர் மனதை யோசிக்கிறவள் நான் என்று நீங்கள் நம்பவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த ஆசை இன்னும் போகவில்லை.

விசாரணைக் குழுவான உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் எழுதித் தந்திருக்கிறேன். அது பொய். இதை வைத்துக்கொண்டு அதைக் கிழித்துவிடலாம்.

எல்லாம் ஒரு வாக்குவாதத்தில் தொடங்கியது. வெயிலால் வரும் கறைக்கும் முகச் சிவப்புக்கும் எங்களிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று லேசர். அது ஒரே நிற ஒளி. தோலுக்கடியில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்களைத் தேடிப் போய் அடிக்கும். சிவப்புக்கு நல்லது, ஆனால் சில நாள் கன்றிப்போய்விடும். இன்னொன்று பல்ஸ் லைட். பல நிறம் கலந்த ஒளி. சிவப்பையும் பழுப்புக் கறையையும் ஒரே வீச்சில் பிடிக்கும். எங்கள் பெரிய டாக்டர் லேசர் பக்கம். நான் பல்ஸ் லைட் பக்கம். பத்து வருடம் அவரிடம் வேலை கற்றவள் நான். எல்லோர் முன்னிலையிலும் அவர், "தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறியேம்மா" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. பதினான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கன்னத்தில் லேசர், மறு கன்னத்தில் பல்ஸ் லைட். மாதம் ஒரு முறையாக நான்கு முறை. எந்தக் கன்னத்துக்கு எது என்பதை நாணயம் சுண்டிப் பார்த்துத் தீர்மானிப்போம். கடைசியில் எது எந்தப் பக்கம் என்று தெரியாத இரண்டு டாக்டர்கள் புகைப்படங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நியாயமான ஏற்பாடு. நானே எழுதியது.

முதல் மாதத்திலேயே நான்கு பேர் விலகிவிட்டார்கள். அப்போதுதான் என் நாத்தனாரைக் கேட்டேன்.

அவள் நீச்சல் பயிற்சியாளர். கூரையில்லாத குளத்தின் ஓரம் பதினாறு வருடம் நின்றவள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். சின்னப்பிள்ளைகள் வைத்த பெயர் விசில் மிஸ். வீட்டிலும் நாங்கள் அவளை விசில் என்றுதான் கூப்பிடுவோம். கன்னம் இரண்டும் சிவந்து, மேலே திட்டுத்திட்டாகக் கறை.

"போன வாரம் ஒரு வாண்டு என்னைப் பாத்து, மிஸ் ஏன் எப்பவும் கோவமாவே இருக்கீங்கன்னு கேக்குது அண்ணி. நான் சிரிச்சிட்டுத்தான் இருந்தேன்," என்றாள். கேட்டவுடன் ஒத்துக்கொண்டாள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படிக்கக்கூட இல்லை. "நீங்க இருக்கீங்கல்ல" என்றாள்.

நாணயம் இடது கன்னத்தைப் பல்ஸ் லைட்டுக்குக் கொடுத்தது.

முதல் நாள் ஒவ்வொரு கறையையும் லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டும். இடது காதுக்கு முன்னால் பருப்பளவில் ஒரு கறை இருந்தது. மற்றவை ஒரே நிறம். இதில் மூன்று நிறம். மற்றவற்றுக்கு வரம்பு இருந்தது. இதன் ஒரு ஓரம் மட்டும் ஈரத்தாளில் பட்ட மை மாதிரி பக்கத்தில் கசிந்திருந்தது. பக்கத்தில் நின்ற சிஸ்டரும் பார்த்தார். என்னோடு எட்டு வருடம் வேலை செய்தவர். விசில் உடை மாற்றப் போனபோது தணிந்த குரலில் கேட்டார்.

"டாக்டர், அது மத்ததோட சேரலையே. துளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிடலாமா?"

"வெயில் கறைதான் சிஸ்டர்."

"இல்ல, எதுக்கும் ஒரு..."

"எழுதிக்கோங்க. வெயில் கறை."

நான் குழம்பவில்லை என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். மாணவர்களுக்கு அந்த மாதிரிக் கறையைப் படம் போட்டுக் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் ஒளிச் சிகிச்சை கூடாது, முதலில் வெட்டி அனுப்பு என்பது நானே பாடமாகச் சொன்னது. ஒளி மேலே இருக்கும் நிறத்தைத்தான் எடுக்கும். அடியில் வேர்விடுவதை அது தொடாது. அடையாளத்தை மட்டும் அழித்துவிட்டுப் போகும்.

ஆனால் துளி வெட்டினால் விசில் ஒப்பீட்டிலிருந்து வெளியே போகவேண்டும். அவ்வளவு சிவப்பும் அவ்வளவு கறையும் சேர்ந்த முகம் வேறு யாருக்கும் இல்லை. நாலு மாதம்தானே, முடிந்த மறுநாளே வெட்டிப் பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு முறையும் நானே செய்தேன். கண்ணுக்குக் கவசம் மாட்டி, குளிர்ந்த ஜெல் தடவுவேன். ஒளி வெட்டும்போதெல்லாம் அவள் உதடு மட்டும் சிரிக்கும். "ரப்பர் பேண்டால அடிக்கிற மாதிரி இருக்கு அண்ணி. கல்யாணத்துக்கு முந்தி அண்ணன் இப்பிடித்தான் அடிப்பான்." அந்தக் கறை கறுத்து, பொருக்காகி, மூன்றாம் முறைக்குள் உதிர்ந்தது. நான்காவது மாதம் இடது கன்னம் வேறு யாருடையதோ போல் இருந்தது. பதினொரு பேரில் அதுதான் மிகச் சிறந்த படம்.

டாக்டர்கள் கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவரளவு பெரிதாகக் காட்டினேன். பெரிய டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். "நீ சொன்னதுதாம்மா சரி" என்றார். அந்தப் படத்தை இனி சந்தேகப்படுவது எப்படி? மறுநாள் நான் எதையும் வெட்டவில்லை. அதற்கடுத்த நாளும்.

பத்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள் சமையலறையில் என் முன் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"அண்ணி, இது மறுபடி எட்டிப் பாக்குது பாருங்க."

அதே இடம். சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். கைகழுவிவிட்டு வந்து விரலால் தடவிப் பார்த்தேன். மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். சிஸ்டர் விடுப்பில் இருந்த நாள் பார்த்து இரண்டு முறை ஒளி போட்டேன். கோப்பில் எழுதவில்லை. நிழல் போய்விட்டது. வரும்போதெல்லாம் அவள் என் மகளுக்கு நீச்சல் கண்ணாடி, தொப்பி என்று ஏதாவது வாங்கிவந்தாள்.

தாடைக்குக் கீழே கட்டி வந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் வேலையாக இருப்பேன் என்று நினைத்தாளாம். வேறு மருத்துவமனையில் காட்டினாள். தோலில் தொடங்கிய புற்றுநோய், கழுத்து நிணநீர்க் கட்டிவரை வந்துவிட்டது என்றார்கள்.

படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நல்லவேளை அண்ணி, நீங்க லைட் வச்சு அப்பப்ப அடக்கி வச்சிருந்தீங்க. இல்லன்னா எப்பவோ முத்தியிருக்கும்ல?"

"ஆமா" என்றேன்.

எங்கே, யார் கவனிக்காமல் விட்டார்கள் என்று தெரியவேண்டும் என்றார் என் கணவர். தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். உங்களுக்கு வந்த புகார் அவர் எழுதியது. அதிலிருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தது நான். "சம்பந்தப்பட்டவர் யாராயினும்" என்ற சொற்கள் என்னுடையவை.

அன்று மாலையே பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் பக்கத்தின் அடியில் சிஸ்டரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இடது காதோரக் கறை குறித்து டாக்டரிடம் சொன்னேன். வெயில் கறை என்றார்.' அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அந்தக் கறையைச் சிஸ்டர் என்னிடம் காட்டவில்லை என்று உங்களுக்கு எழுதித் தந்தேன். நீங்கள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தீர்கள்.

போன வாரம் சாவியைத் திருப்பித் தர வந்தவரை மாடிப்படியில் பார்த்தேன். கோபத்தோடு ஏதாவது கேட்பார் என்று ஒதுங்கி நின்றேன்.

"உங்கமேல வருத்தமில்ல டாக்டர். அத்தனை பேரைப் பாக்குறீங்க, மறந்திருப்பீங்க," என்றார். பிறகு, "அவங்க எப்படி இருக்காங்க? சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

நான் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். பார்த்தேன், தெரிந்துகொண்டேன், அழித்தேன். மறுபடி வந்தபோது மறுபடி அழித்தேன். பழியை இன்னொருவர் தலையில் வைத்தேன். சிஸ்டரை வேலையில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கிழித்த பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் கணவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் கடிதத்திலிருந்து அவர் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னும் ஒன்று. இதை எழுத உட்காருமுன் விசிலின் படங்களை எடுத்துவிட்டு, மீதிப் பத்துப் பேரை மட்டும் வைத்து மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தேன். பல்ஸ் லைட்தான் முன்னால் நிற்கிறது. அவள் இல்லாமலே நான் சொன்னதுதான் சரி. கொஞ்ச நேரம் எனக்கு அது நிம்மதியாக இருந்தது.