வேல்ஸில் ஒரு சம்பந்தம்

சுன்னாகத்தில் பஸ் ஏறியபோது எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். காலடியில் வெங்காயச் சாக்கு.

“வேல்ஸ் எண்டால் என்ன தெரியுமே?” என்றார் கணவர். “வேல். எங்கடை முருகன்ரை வேல். ‘ஸ்’ மட்டும் வெள்ளைக்காரன் போட்டது.”

மனைவி சாக்கைக் காலால் உள்ளே தள்ளினார்.

“லண்டனிலை எங்கடை பெடியன் கட்டப்போறன் எண்டு நிக்கிற வெள்ளைக்காரப் பெட்டை இருக்கிறாளெல்லே, அவளின்ரை ஊர் அங்கைதான். சின்ன ஊர். ஆர் உண்டாக்கினது? எங்கடை ஆக்கள்.”

“அவை என்னெண்டு அங்கை போனவை?”

“புயல் அள்ளிக்கொண்டு போனது. கையிலை இருந்த வேலைக் கரையிலை ஊண்டிப்போட்டு அங்கையே இருந்திட்டினம். குளிருக்குத் தோல் வெளுத்துப்போச்சு. வேறை வித்தியாசம் ஒண்டுமில்லை.”

இணுவிலில் சனம் ஏறி நெருக்கியது.

“எந்த ஊராலை போனவை?”

“மயிலிட்டியாலை. மீன்பிடிக்கப் போன வள்ளம்,” என்று அவர் திருப்தியோடு முடித்தார்.

கொக்குவிலில் அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார்.

“வெள்ளைக்காரிதானே எண்டு நான் ஓமெண்டு சொல்ல இருந்தனான்,” என்றார். “மீன்பிடிக்கிற ஆக்கள் எண்டால் எங்களுக்குச் சரிவராது.”