மேப்புல நாங்க பச்சை

இல்ல சார், மாடிக்கு வேணாம். நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. அந்த மெஷினை எடுத்துக்கிட்டு மாடி ஏறினீங்கன்னா எங்க ஊர் கதை அதோட முடிஞ்சுது. முதல்ல இப்படி நிழல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க. மெஷின் எங்கயும் ஓடாது. ஓடுறது சிக்னல் மட்டும்தான்.

சார்னு கூப்பிட வேணாமா? வயசுல சின்னவர்தான், ஒத்துக்கறேன். ஆனா மெஷின் யார் கையில இருக்கோ அவர்தான் சார். முப்பத்தோரு வருஷம் அதே ஆபீஸ்ல குப்பை கொட்டினவன் நான், எனக்குத் தெரியாதா. ஆமா, உங்க டிபார்ட்மென்ட்தான், இதே சிக்னல் அளக்கிற வேலைதான். உங்களுக்கு உள்ளங்கைக்குள்ள அடங்குற மாதிரி குடுத்திருக்காங்க. எங்களுக்குக் குடுத்தது செங்கல் கனம். தோள்ல மாட்டினா ஆள் ஒரு பக்கமா சாஞ்சுதான் நடப்பான். பாருங்க, இப்பவும் என் வலது தோள் ஒரு விரக்கடை கீழதான் இருக்கு. என் வீட்டுக்காரி சட்டை தைக்கக் குடுக்கும்போது டெய்லர்கிட்ட அதையும் சேத்துச் சொல்லி அனுப்புவா.

இப்போ ஊர்ல என் பேர் டவர். பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டப்போ, டவர் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருப்பாங்களே. நீங்களும் அண்ணாந்து பாத்திருப்பீங்க. பாத்தீங்களா? எல்லாரும் பாப்பாங்க. நான் அஞ்சடி நாலு அங்குலம்.

விஷயம் என்னன்னா, இந்த ஊரே ஒரு பழைய கல்குவாரிப் பள்ளம். குவாரியை மூடினப்புறம் சரிவுல வரிசை வரிசையா வீடு கட்டிக்கிட்டோம். மொத்தம் அறுபத்திரண்டு வீடு. ரோட்டு மட்டத்துல இருக்கிறது என் வீடு ஒண்ணுதான், மாடி இருக்கிறதும் என் வீட்டுக்குத்தான். அந்த மாடி ரூம் ஜன்னல்ல, இடது பக்கக் கம்பியை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு சிக்னல் வரும். ரெண்டு கோடு. வலது பக்கக் கம்பிக்கு நகந்தீங்கன்னா ஒண்ணும் கிடையாது. படி இறங்கிட்டா சுத்தம்.

அதனால ஊர் மொத்தமும் வந்து பேசுறது எங்க படுக்கை ரூம்லதான். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கோம். ஆரம்பத்துல வர்றவங்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரி டீ போட்டுக் குடுத்தா. ஒரு வாரத்துல டீ நின்னுது, ஒரு மாசத்துல வாங்கன்னு சொல்றதும் நின்னுது. இப்போ அவ பாட்டுக்குத் துணி மடிச்சுக்கிட்டிருப்பா, இவங்க பாட்டுக்கு அழுவாங்க, சிரிப்பாங்க, சம்பந்தி கூட சண்டை போடுவாங்க. யாருக்கு எங்க வலின்னு டாக்டருக்கு முன்னாடி எங்களுக்குத் தெரியும். மூணாவது வரிசையில ஒரு பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது. நெட்ல கிளாஸ். பேச உக்காந்தா போதும், கிளாஸுக்கு உக்காந்தா சிக்னல் பத்தாதுன்னு மூணு மணி நேரம் நின்னுக்கிட்டே படிக்கும். நர்ஸ் வேலைக்கு நிக்கப் பழகணும்தானேன்னு நான் ஒரு நாள் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு பாத்த பார்வை இருக்கே. இன்னொருத்தர் வேலைக்கு இன்டர்வியூவே அந்த ஜன்னல்ல நின்னுதான் குடுத்தார். பின்னாடி கொடியில என் பனியன் தொங்கினதை யாரும் கவனிக்கல. வேலை கிடைச்சுது. ஓட்டை பனியனைப் பாத்து இரக்கப்பட்டுக் குடுத்திருப்பாங்கன்னு என் வீட்டுக்காரி சொல்றா.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிப்பேன்.

கேபிளா? வந்துதே. எல்லா வீட்டுக்கும் பிராட்பேண்ட்னு போர்டு வச்சாங்க. ரோட்டு முனை வரைக்கும் கேபிள் இழுத்து, ஒரு இரும்புப் பெட்டி நட்டு, பூட்டு போட்டுட்டுப் போயிட்டாங்க. மூணு வருஷம் ஆச்சு. பெட்டிக்கு மேல வெயில் இதமா இருக்கும்போல, ஊர்ப் பூனை எல்லாம் அதுமேலதான் தூங்குது. ஏன் உள்ள வரலன்னு கேட்டா, அரசாங்க உதவி சிவப்பு இடத்துக்குத்தான், உங்க இடம் மேப்புல பச்சைன்னுட்டாங்க. டவர் கேட்டாலும் அதே பதில்தான். பச்சைன்னா சேவை இருக்குன்னு அர்த்தம், உங்களுக்கு நான் சொல்லணுமா.

நாங்க என்ன சும்மாவா இருந்தோம். மூணு தடவை மனு குடுத்தோம். எழுதினது நான்தான், ஆபீஸ் பாஷை எனக்குத்தானே வரும். அவசரத்துக்கு ஒரு ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட வழியில்லன்னு உருக்கமா எழுதி, அறுபத்திரண்டு வீட்டுலயும் கையெழுத்து வாங்கினேன். மூணு தடவையும் ஒரே பதில். கள ஆய்வின்படி தங்கள் பகுதியில் சேவை உள்ளது. ஆய்வு எண், தேதி எல்லாம் போட்டு சுத்தமா அனுப்பியிருந்தாங்க.

அந்த ஆய்வு பண்ணின மகராசன் யாருன்னு கேக்கறீங்களா? நான்தான் சார்.

ஏன் எழுந்துட்டீங்க, உக்காருங்க. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. இந்தச் சுத்துவட்டாரத்துல இருநூத்துப் பதினாலு குடியிருப்பு என் பொறுப்பு. சத்தியமா சொல்றேன், இருநூத்துப் பதிமூணுக்குப் போயி இறங்கி நடந்து அளந்தேன். அட்டை கடிச்சிருக்கு, நாய் துரத்தியிருக்கு, ஒரு இடத்துல என்னைத் திருடன்னு கட்டி வச்சுட்டாங்க. பாக்கி இருந்தது சொந்த ஊர். சனிக்கிழமை. கால் வீங்கியிருந்துது. நம்ம ஊர் நமக்குத் தெரியாதான்னு, மாடிக்குப் போயி அந்தச் செங்கல் மெஷினை ஜன்னல் கட்டையில வச்சேன். மைனஸ் தொண்ணூத்தொண்ணு காட்டிச்சு, பாஸ்தான். குடியிருப்புக்கு ஒரு அளவு போதும்னுதானே விதி, எந்த இடத்துலன்னு விதியில இல்லயே. சேவை உண்டுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்படியே கட்டில்ல சாஞ்சு தூங்கிட்டேன். ஊரான் வீட்டு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கினவன் சொந்த ஊர்ப் படியில இறங்கல. யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்பாங்களே, அது யானைக்கு அழகு. எனக்கு என்ன வந்துது.

வெளிய சொன்னேனான்னா, இல்ல. எப்படிச் சொல்றது? ரிட்டயர் ஆனப்போ களப்பணியில் சிறந்தவர்னு ஒரு கேடயம் குடுத்தாங்க. அதை என் வீட்டுக்காரி அந்த ஜன்னல் பக்கத்துலயே மாட்டி வச்சிருக்கா. போன் பேச வர்றவங்க லைன் கிடைக்கிற வரைக்கும் அதைத்தான் படிச்சுக்கிட்டு நிப்பாங்க. நான் வாயைத் திறப்பேனா.

எங்க அக்காகிட்ட மட்டும் சொன்னேன். கடைசி வரிசையில கடைசி வீடு அக்காவோடது. மாமா போனப்புறம் தம்பிக்குப் பக்கத்துல இருக்கலாம்னு இங்க வந்துச்சு. முட்டி வலி, நூத்து நாப்பது படி ஏறி மேல வராது. நான்தான் இறங்கிப் போவேன். அக்காவுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்திருந்தேன், சிக்னல் அளந்தவன் வீட்டு அக்கா, போன் இல்லாம இருக்கலாமா. அதை வச்சுக்கிட்டு சாமான் ரூம்ல டார்ச் அடிக்கும். மூணாவது மனுவுக்குப் பதில் வந்தன்னிக்கு என்னால தாங்க முடியல, போயி எல்லாத்தையும் கொட்டிட்டேன். அக்கா திட்டல. சின்ன வயசுலயே கணக்குப் புஸ்தகத்துல விடையைப் பின்பக்கம் பாத்து எழுதுறவன்தானடா நீன்னு சிரிச்சுச்சு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, போயி திருத்தி எழுதுடான்னு சொல்லுச்சு.

எழுதறேன்கான்னேன். அடுத்த மாசம் எழுதறேன், மழை விடட்டும், ஆபீஸ்ல பெரியவர் மாறட்டும், புது ஆள் வரட்டும். ஒண்ணைத் திருத்தினா மீதி இருநூத்துப் பதிமூணும் சந்தேகமாயிடும்ல, அப்புறம் கேடயத்தை எங்க கொண்டு வைக்கிறது. இப்படியே ஒரு வருஷம் ஓட்டிட்டேன். வாயாலயே வண்டி ஓட்டுறதுல நான் கெட்டிக்காரன், இப்போ பாக்கறீங்கல்ல.

கடைசியில எழுதினேன். உங்க பைல்ல கடைசிப் பக்கமா இருக்கும் பாருங்க, கையால எழுதினது. படிக்கலயா? பரவாயில்ல சார், கடைசிப் பக்கத்தை நானும் எந்தப் பைல்லயும் படிச்சதில்ல. அந்தக் கடுதாசியாலதான் உங்களை மறுபடி அளக்க அனுப்பியிருக்காங்க. நீங்க இன்னிக்கு என்ன எழுதறீங்களோ, இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த ஊருக்கு அதுதான் தலையெழுத்து. மாடியில அளந்தா பச்சை. கீழ அளந்தா சிவப்பு. எந்த இடத்துலன்னு விதியில இல்லாததை வச்சு நான் மேல போனேன், நீங்க கீழ போங்க. உங்களுக்கு நாலு மணிக்குத்தானே பஸ்? இறங்கப் பத்து நிமிஷம். ஏறத்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும், பையை நான் தூக்கிக்கறேன். குடுங்க சார், இந்தத் தோளுக்குப் பழக்கம்தான்.

பாத்து வாங்க. இங்க ஒரு கல் ஆடும், ஓரமா கால் வைங்க. இப்பவே பாருங்க உங்க மெஷினை. போயிடுச்சா? இன்னும் ரெண்டாவது வரிசையே வரல. இந்தப் படியில நான் எத்தனை தடவை அடுத்தவங்க சேதியை எடுத்துக்கிட்டு ஓடியிருக்கேன் தெரியுமா. குழந்தை பொறந்துடுச்சு, ரயில் ரெண்டு மணி நேரம் லேட்டு, பரீட்சையில பாஸ். ஒரு தடவை ரெண்டு வீட்டுச் சேதியை மாத்திச் சொல்லிட்டேன், பரீட்சை எழுதின பையன் வீட்டுல போயி பொண்ணு பொறந்திருக்குன்னேன். அவங்கம்மா அவனை அடிக்கப் போயிட்டாங்க.

இதான் அக்கா வீடு. பூட்டுதான் போட்டிருக்கும், சாவி என்கிட்ட இருக்கு. உள்ள வாங்க. தினமும் வந்து பெருக்கிட்டுப் போறேன், தூசி இருக்காது.

ஆமா சார். அக்கா போயி எட்டு மாசம் ஆச்சு.

இது அக்கா போன். சார்ஜ் போட்டே வச்சிருக்கேன். இந்த லிஸ்ட்டைப் பாருங்க, அன்னிக்குக் காலையில பதினொண்ணு பத்துல இருந்து. ஏழு தடவை. அஞ்சு தடவை அந்த அவசர நம்பர், ரெண்டு தடவை என் நம்பர். ஒண்ணும் போகல. பக்கத்து வீட்டுலயெல்லாம் வேலைக்குப் போயிருந்தாங்க. நான் வீட்டுலதான் இருந்தேன். மாடியில, அந்த நாற்காலியில. கூட ரிட்டயர் ஆன ஒருத்தன்கிட்ட, நாமெல்லாம் அந்தக் காலத்துல எப்படி அலைஞ்சு அளந்தோம், இப்போ வர்றவங்களுக்கு என்ன தெரியும்னு முக்கால் மணி நேரம் பேசிக்கிட்டிருந்தேன். சிக்னல் அன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துது. சாப்பிட வீட்டுக்கு வந்த டெய்லர்தான் எட்டிப் பாத்துட்டு, மேல ஓடி வந்து என் ஜன்னல்ல நின்னு கூப்பிட்டார். அப்போ மணி பன்னெண்டரை. வண்டி இருபது நிமிஷத்துல வந்துடுச்சு. வண்டிக்காரங்களை ஒரு குறை சொல்ல முடியாது.

மெஷினை ஆன் பண்ணுங்க. ஒன்றரை மீட்டர் உயரத்துல பிடிக்கணும்னு விதி, தெரியும், அப்படி ஒண்ணு எடுத்துக்கங்க. எழுதிட்டீங்களா? சரி, இப்போ இந்த அடுப்படிப் பக்கம் வாங்க. இங்க, இந்தத் தரையில வச்சு இன்னொண்ணு எடுங்க. இந்த உயரத்துல இருந்துதான் சார் அக்கா கூப்பிட்டுச்சு.