பூம்போவின் முதுகு ஜிப்

பூம்போ உடுப்பைச் சாக்கில் அமுக்கிக் கட்டக் கூடாது சார். உள்பக்கத்தை வெளியே திருப்பி மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு நசுங்கி, கரடியின் கன்னம் ஒட்டிப்போய்விடும். நீங்கள் ஸ்டேஷன் மூலையில் போட்டிருப்பதைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

என் பெயர் எபனேசர். வயது நாற்பத்தாறு. தேனி அல்லிநகரத்துத் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவன். பூம்போ யாரென்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். செல்போன் விளையாட்டில் திராட்சை பொறுக்கித் தின்னும் ஊதா நிறக் கரடி. உயிர் போனால் மல்லாக்க விழும், மூன்று தரம் காலை உதைக்கும், பட்டென்று எழுந்து நிற்கும். அதை வைத்துக் கார்ட்டூன் படம் எடுத்தார்கள். மூன்று வருஷம் முன்பு முதல் பாகம் வந்தபோது, வாசலில் கரடி வேஷம் போட ஆள் கேட்டார் மேனேஜர் வைகுண்டராஜ். ஒருவரும் வரவில்லை. நான் போட்டேன்.

அதற்கு முன்னால் தேனியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கரடியான பிறகு, காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்த ஒரு சிறுமி எனக்கு நிஜத் திராட்சைக் குலையே கொண்டுவந்து கொடுத்தாள். கடைத்தெருவில் நடந்தால் "பூம்போ மாமா" என்று பின்னாலேயே வந்தார்கள். இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று என் அளவுக்கு இந்த ஊரில் காத்திருந்தவன் எவனும் இல்லை.

வந்தது. மேனேஜர் கூப்பிட்டார்.

"எபனேசரண்ணே, ரெண்டு ஆட்டம் ஆடுனாலே உங்களுக்கு மூச்சு வாங்குது. இந்தவாட்டி வினோத்ராஜ் போடட்டும். நீங்க பின்னால நின்னு ஜிப்பப் போட்டுவிடுங்க, போதும்."

வினோத்ராஜ் என் தங்கை ஜெபஷீலாவின் கணவன். அவனே மேனேஜரைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கோயில் முடிந்து என் வீட்டில் கறிச்சோறு தின்றான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டு வாங்கிய பிறகு சிரித்துக்கொண்டே வந்தான்.

"மச்சான், அந்த விழுறத மட்டும் ஒருக்காச் சொல்லிக் குடுங்க. உங்கள மாதிரி யாருக்கு வரும்?"

சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் பாயை விரித்து, முழங்கை முதலில் தரையைத் தொட வேண்டும், அப்போதுதான் தலையில் அடிபடாது என்று பொறுமையாகச் சொன்னேன். அவன் எட்டுத் தரம் விழுந்து பழகினான். எனக்கு வயிறு எரிந்தது. கோபம்தான் சார், வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த உடுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். தலையும் உடம்பும் ஒரே தையல். கையில் தடித்த மூன்று விரல், அதுவும் சட்டையோடு தைத்தது. ஜிப் முதுகில். போட்டிருப்பவன் தானாக வெளியே வர முடியாது. சித்திரை வெயிலில் பதினைந்து நிமிஷம்தான் தாங்கும். தாங்கவில்லை என்றால் இரண்டு கையாலும் தலையில் இரண்டு தட்டு. திற என்று அர்த்தம். ஜிப் போட்டவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் முதல் பாகத்தில் நான் போட்டது. அப்போது எனக்கு ஜிப் போட்டவன் வினோத்ராஜ். ஒரு தடவைகூட அவன் தாமதித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மதியக் காட்சிக்குக் கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. கரடித் தலைக்குள் சின்ன ஃபேன் ஒன்று உண்டு. அதன் பேட்டரியை நான் காலையிலேயே கழற்றிவிட்டேன். இரைச்சலாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினாறாவது நிமிஷம் தலையில் தட்டினான். நான் பார்த்தேன். ஒரு பையன் என் சட்டையை இழுத்து, "மாமா, பூம்போ என்ன கேக்குது?" என்றான்.

"பழம் கேக்குதுப்பா. இருக்கிறதக் குடுங்க" என்றேன்.

பிள்ளைகள் பாப்கார்னை அள்ளிக் கரடி வாயில் திணித்தார்கள். அந்த வாய் வலை வழியாகத்தான் உள்ளே இருப்பவனுக்கு மூச்சு. அவன் மறுபடி தட்டினான். அதுவும் ஆட்டம் என்று நினைத்து, கூட்டம் முழுக்க அவனைப் போலவே தலையில் தட்டி ஆடியது. பெற்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவன் அவர்களைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்து, திரும்பி நின்று முதுகைக் காட்டினான். உள்ளேயிருந்து "மச்சான்" என்று கேட்டது.

முதுகில் தட்டிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் அவனைத் தொடவில்லை.

நாலு எட்டு நடந்து மல்லாக்க விழுந்தான். முழங்கை தரையைத் தொடவில்லை, தலைதான் முதலில் தொட்டது. கால் உதைத்தது. பிள்ளைகள் "ஒண்ணு" என்று கத்தினார்கள். மறுபடி உதைத்தது. "ரெண்டு" என்றார்கள். மூன்றாவது உதை வரவில்லை, அவர்களே "மூணு" சொல்லிவிட்டு அவன் எழுவதற்காகக் காத்திருந்தார்கள். நானும் அவர்களோடு நின்றேன். மேனேஜர் ஓடி வந்து ஜிப்பை இழுக்கும் வரைக்கும் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் ஜெபஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவுக கூப்பிடவே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய். கூப்பிட்டான். எனக்கும் அந்த ஜிப்புக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. கொன்றது நான்தான் சார், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் ஒன்று. அந்த வீடியோ இப்போது கம்பம், போடி எல்லாம் சுற்றுகிறதாம். என்னமாய் விழுகிறான் என்று அவன் பெயரைத்தான் சொல்கிறார்களாம். அவனுக்கு விழச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.