அத்தர் பூசிய சர்டிபிகேட்டு

1931 ஜூன் மாதத்து என் நாட்குறிப்பில், ஒரு வியாழக்கிழமையின் கீழ் "சர்டிபிகேட்டில் அத்தர்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். சென்னையில் ஒரு கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப் கேட்கப் போய்த் திரும்பிய, தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனான ஆம்பூர் இளைஞன், ரயிலில் தன் அக்காள் புருஷனிடம் சொன்னது அது.

"சர்டிபிகேட்டுல அத்தர் பூசினது நான்தான் மச்சான்."

"இன்னாத்துக்குடா?"

"நைனா சுண்ணாம்புத் தொட்டியில வேல செய்றாரு, வருமானம் கம்மின்னு தோல் ஷாப்புல எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு நாள் தோலுங்க நடுவுல கெடந்து காகிதமே நாறிச்சு. பிரின்ஸிபால் மூக்கப் புடிச்சிப்பாரேன்னு தோஸ்துகிட்ட அத்தர் வாங்கித் தடவினேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"மோந்து பாத்தாரு. அத்தர் பூசறவனுக்கு ஸ்காலர்ஷிப் எதுக்குன்னாரு."

"சும்மா வுட்டிருந்தா அந்த நாத்தமே உனக்கு சாட்சி சொல்லியிருக்கும்."

"அந்த அறிவு இருந்தா நான் ஏன் காலேஜுக்குப் போறேன்?"

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"திங்கக்கெழமைக்குள்ள வேற சர்டிபிகேட்டு கொண்டான்னாரு. இல்லன்னா நானும் நைனாகூட தொட்டியில எறங்க வேண்டியதுதான்."

ஆம்பூரில் இருவரும் இறங்கினார்கள். மச்சான் ஊருக்குள் போனார். இளைஞன் நேரே தோல் ஷாப்பு இருக்கும் பக்கம் நடந்தான். நான் ஜோலார்பேட்டை வரை போக வேண்டியிருந்தது. அவனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்ததா என்பதை இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை.