கரிசல் மாம்போ, இரண்டாம் பக்கம்

விருதுநகர் வெயில் சாக்ஸபோனுக்கு ஆகவே ஆகாது. ஊதுகிற முனையில் நாணல் சீவல் ஒன்று இருக்கும், ரீடு என்போம். அது காய்ந்தால் வாத்தியம் கன்றுக்குட்டி மாதிரி கத்தும். அதனால் எப்போதும் ஒரு ரீடை வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டே இருப்பேன். செல்லச்சாமி வாய் திறக்காத ஆள் என்று ஊருக்குள் பெயர் வந்தது அப்படித்தான். இப்போது என் சாக்ஸபோன் பெட்டி உங்கள் மேஜைக்கு அடியில் கிடக்கிறது. வாய் சும்மாதான் இருக்கிறது இன்ஸ்பெக்டர் அய்யா, சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு ஹோட்டல் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தேன். கப்பல்காரர்கள் விட்டுப்போன கியூபா இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு மாம்போ, சாச்சா என்கிற ஆட்டத் தாளமெல்லாம் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பி, கல்யாணத்துக்கும் அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஊதிக்கொண்டிருந்த ஆட்களில் பதினாறு பேரைச் சேர்த்தேன். டிரம்பெட்டுக்காரன் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கியவன். காங்கோ என்கிற நெட்டை மேளத்தைக் கையால் அடிக்கிற பலவேசம், ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைத்தவன். "இவனுக எங்கிட்டு லத்தீன் ஜாஸ் வாசிக்கப் போறானுக?" என்று பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். வாசித்துக் காட்டினோம். என் பெயருக்காக நான் எதுவும் செய்யவில்லை. அந்தப் பதினாறு பேருக்காகச் செய்தேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேண்டில் ஒரே சட்டம்தான். என் சாக்ஸபோன் வாயிலிருந்து இறங்கும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. சாத்தூரில் ஒரு சப்பரத்துக்கு முன்னால் வாசிக்கும்போது, திசை தப்பிய வாணம் ஒன்று பலவேசத்தின் வேட்டியில் பற்றிக்கொண்டது. என்னைப் பார்த்தான். நான் இறக்கவில்லை. எரிகிற வேட்டியோடு தாளத்தை முடித்துவிட்டுத்தான் உதறினான்.

"ஏன் அண்ணாச்சி, நான் வெந்து போயிருந்தா என்ன செய்வீக?" என்று பிறகு கேட்டான்.

"தாளம் வேகலைல்லா, போதும்லே," என்றேன். அவனும் சிரித்தான்.

போன ஆவணியில் மதராஸிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் டேப் மெஷினோடு வந்தார்கள். ஒரே ஒரு நாள்தான் கொடுத்தார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ரத்தினசாமி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் கிடங்கு காலியாக இருந்தது. கனமான சுவர், நல்ல ஒலி. ஒட்டிய அறையில் பெண்கள் மத்தாப்பைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தீபாவளி சீசன், வேலையை நிறுத்த முடியாது என்றுவிட்டார் முதலாளி. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அவர்களுக்கு வெளிவாசல் தனியாக உண்டு.

முதல் பாட்டு அவர்களுடைய சிரிப்பால் கெட்டது. போய்ச் சத்தம் போட்டேன். பலவேசத்தின் பெண்சாதி வள்ளித்தாயும் அங்கேதான் வேலை.

"எங்க வீட்டு ஆளு கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கதப் பாத்தா சிரிப்பு வராதா அண்ணாச்சி? கதவத் தெறந்தே வையிங்க, நாங்களும் கேக்கோம்," என்றாள். நல்ல பெண். நான் கதவைச் சாத்தி என் பக்கம் தாழ் போட்டேன். அடியில் இருந்த இடுக்குக்கு என் கோட்டைச் சுருட்டித் திணித்தேன்.

கடைசிப் பாட்டு. கதவுக்கு முதுகைக் காட்டி, பேண்டைப் பார்த்து நின்றேன். பாதியில் கதவைத் தட்டினார்கள். வள்ளித்தாயின் குறும்பு என்றுதான் நினைத்தேன். பிறகு பல கைகள் தட்டின. பிறகு என் முதுகில் சூடு உறைத்தது. மத்தாப்பு வெடிக்காது அய்யா, எரியும். மருந்து வாடை அந்த இடத்தில் யாருக்கும் புதிதில்லை. ஊதுகிறவர்களுக்குத் தங்கள் சத்தம்தான் காதில். பலவேசம் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் இறக்கவில்லை.

அப்போது அவன் ஒன்று செய்தான். கதவில் விழுந்த தட்டல்களுக்குக் காங்கோவில் பதில் சொன்னான். கதவைத் தட்டச் சொல்லி நான்தான் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று நம்பிவிட்டான், பாவம். அங்கே வேகம் கூடக் கூட இவனும் கூட்டினான். அவன் ஆயுசுக்கும் அப்படி வாசித்ததில்லை. நானும்தான்.

பாட்டு முடிந்தது. தட்டலும் தாளம்தான் என்று நினைத்த டேப்காரர் சரி என்று கையைத் தூக்கினார். அதற்குப் பிறகுதான் கை வேக வேகத் தாழை எடுத்தேன்.

வள்ளித்தாய், ராக்காயி, ராமுத்தாய். தாழ் சிக்கிக்கொண்டது என்று விசாரணையில் சொன்னேன், எழுதிக்கொண்டு போனார்கள். பலவேசம் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "கையி வெந்தாலும் பரவால்லன்னு தெறந்தீகளே அண்ணாச்சி," என்றான். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

'கரிசல் மாம்போ' என்று தட்டு வந்த பிறகு ஒரு டீக்கடையில் பலவேசம் அதன் இரண்டாம் பக்கத்தைக் கேட்டிருக்கிறான். டிரம்பெட் அடங்குகிற இடத்தில், கதவுத் தட்டல்களுக்கு நடுவே, "ஏய்யா, கதவத் தெற" என்று ஒரு குரல் வருகிறது. பெண்சாதி குரல் தெரியாதா? உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல காது.

நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருப்பார்கள். தெரிந்துதான் வாசித்தேன். வெளிவாசலைப் பெட்டி அடுக்கி அடைத்த முதலாளியையும் இந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்பீர்களா? மாட்டீர்கள். இந்தப் பக்கம் எத்தனை பேர் எரிந்து போனார்கள், யாருக்கு என்ன மிச்சம்? இவர்கள் கதவைத் தட்டியதை ஊர் ஊராகக் கேட்டு ஆடுகிறார்கள். நான் ஏன் தலைகுனிய வேண்டும்?

தட்டு விற்றுத் தீர்ந்து, சிவகாசியில் மறுபடி அதன் உறை அட்டையை அச்சடிக்கிறார்களாம். அதில் வள்ளித்தாயின் பெயரைப் போடவேண்டும் என்று பலவேசம் கேட்கிறானாம். தாராளமாகப் போடட்டும். மூன்று பெண்களின் பெயரும் போடட்டும், பதினாறு பேர் பெயரும் போடட்டும். என் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்.